குளத்துக்கும் வேண்டும் வலைக்கண் அளவு

ஐயா, கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி, மீன் இனம் பெருக இடம் கொடுக்கிறோம். நியூசிலாந்து 1986 முதல் வேறு வழியில் போகிறது. இவ்வளவு டன்தான் பிடிக்கலாம் என்று உச்சவரம்பு வைத்து, அதை ஆளுக்கு இத்தனை பங்கு எனப் பிரித்துவிடுகிறது. அங்கே பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் போய்ச் சேர்கின்றன என்ற குறையும் உண்டு. எதுவானாலும், கடலுக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சரி, எங்கள் கொங்குப் பகுதிக் குளங்களுக்கு?

இங்கே பெரும்பாலும் ஏலத்தொகைதான் பேசுகிறது. குறுகிய காலக் குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் சென்ற கோடையில் கொசுவலை போன்ற வலையை இழுத்தார்கள். கரையில் கொட்டிக் கூறு போட்டதில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத கட்லாக் குஞ்சுகளே அதிகம். ஓராண்டு விட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தொட்டிருக்கும்! குத்தகையை ஐந்தாண்டாக நீட்டி, வலைக்கண் அளவையும் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச எடையையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அப்புறம், மீறினால் வைப்புத்தொகை திரும்பாது என்ற ஒரு வரியையும் மீன்வளத் துறை சேர்க்கலாம்.

- ஒரு வாசகர், பெருந்துறை