அப்பாவின் அழுகையையும் கோபத்தையும் எங்களுக்குப் புரியவைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அரசுப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் தந்தையார், சென்ற ஆண்டு பக்கவாதம் தாக்கியதில் வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சையும் பெரும்பாலும் இழந்தார். அன்று முதல் எங்களுக்குத் துணைநின்ற ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. அவரைத் தனியே விட்டுவர இயலாததால், குடும்பத்தார் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

நள்ளிரவில் 108-ஐ அழைத்து உடன்வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று ஓடியாடி வேலை பார்த்த மருத்துவமனை ஊழியர்களுக்கும் எங்கள் முதல் வணக்கம். உயிரைக் காத்தவர்கள் அவர்கள். அதன்பின் வீட்டுக்குள் வந்து சேர்ந்த அழுகையையும் கோபத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அப்பா திடீர் திடீரென்று அழுதார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து “தாத்தா” என்று கூப்பிட்டால் அழுகை. காப்பியை நீட்டினால் அழுகை. சில சமயம், நலம் விசாரிக்க வந்தவர் எதிரிலேயே அடக்க முடியாத சிரிப்பு. தான் ஏதோ குறை வைத்துவிட்டதாக அம்மா மனம் புழுங்கினார். நரம்பியல் மருத்துவர் அம்மையார் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, அழுகையையும் சிரிப்பையும் கட்டுக்குள் வைத்திருக்கும் மூளைப் பாதைகள் பழுதுபட்டால், உள்ளத்தில் பெரிய துயரம் இல்லாதபோதும் கண்ணீர் பெருகக்கூடும் என்று விளக்கினார். வந்த வேகத்தில் நின்றுவிடும் அந்த அழுகைக்கு “ஏன் அழுகிறீர்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பதும், சுற்றி நின்று தேற்றுவதும் அதை வளர்க்கவே செய்யும் என்றும், பேச்சை இயல்பாக வேறு பக்கம் திருப்பினால் போதும் என்றும் சொன்னார். அத்தோடு விடாமல், பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது என்பதால், உறக்கம், பசி, பயிற்சியில் நாட்டம் ஆகியவை தொடர்ந்து குறைகின்றனவா என்பதைக் கவனித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கவனித்தோம், அதுவும் இருந்தது. அதற்குக் குறைந்த அளவில் அவர் தொடங்கிய மருந்து, சில வாரங்கள் சென்றபின் இரண்டுக்குமே பயன் தந்தது.

பேச்சுப் பயிற்சியாளராக வந்த தங்கைக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. மூளையின் இடப்பக்கம் பழுதுபட்டு, “தண்ணீர்” என்று கேட்க வாய்வராதவர்களுக்கும், நாள்தோறும் சொல்லிப் பழகிய வரிசைகள் சில வேளை தடையின்றி வந்துவிடும் என்று அவர் சொன்னார். அப்பாவின் பழைய தென்காசித் தடத்தைக் கேட்டறிந்து, “பேட்டை” என்று எடுத்துக்கொடுத்தார். “சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம்” என்று அப்பாவின் குரல், அதே பழைய ராகத்தில், தென்காசி வரை போய் நின்றது! வீட்டில் எல்லோரும் சமையலறையிலிருந்து ஓடிவந்தோம்.

முகங்கள் வரைந்த அட்டையை எங்களுக்குத் தந்தவரும் அவரே. கோபம், பயம், வலி, சலிப்பு, வெட்கம், பசி என்று ஆறு முகங்கள்; பேச வேண்டியதில்லை, இடது கை விரலால் தொட்டால் போதும். குளிக்கவைக்கும் நேரத்தில் மட்டும் அப்பா செம்பைத் தட்டிவிடுவதும், கையை உதறுவதுமாக இருந்தார். கோபக்காரராகிவிட்டார் என்றே உறவினர் பலரும் சொன்னார்கள். ஒரு நாள் அட்டையை நீட்டியபோது அவருடைய விரல் கோபத்தின் மேல் போகவில்லை. வெட்கத்தின் மேல் போய் நின்றது. மகளும் மருமகளும் தம்மைக் குளிப்பாட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. நோயாளியின் சிடுசிடுப்பைக் குணக்கேடு என்று முடிவுகட்டும் முன், அதற்கு அடியில் வேறு எது இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை எந்த அறிவுரையும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்காது.

இதைக் கேள்விப்பட்டதும், அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சவரம் செய்துவரும் முடிதிருத்தக அண்ணாச்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வந்து குளிப்பாட்டிவிடுகிறார். மற்ற நாட்களில் பணிமனை நண்பர் ஒருவர் வருகிறார். செம்பு அதன்பின் பறக்கவில்லை. இருவரும் இதற்கென்று ஒரு ரூபாய்கூட வாங்க மறுக்கிறார்கள். இதற்கு நன்றி என்ற சொல் போதாது.

அம்மாவைத் தாங்கியவர்களையும் சொல்ல வேண்டும். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் இளைத்துக்கொண்டு வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர்தான், அப்பாவின் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே அம்மாவின் முகத்தைக் கவனித்து, டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக்கொடுத்தார். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை இரவிலும் பகலிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த முனையில் பேசிய ஆலோசகர், கோபப்படக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. எந்த நேரத்தில் கோபம் மிகுகிறது, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். கண்விழித்த இரவுகளின் மறுநாள்தான் எல்லாம் வெடிக்கிறது என்பது அம்மாவுக்கே அப்போதுதான் விளங்கியது. இரவு முறையை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். பெங்களூரிலிருந்து தொலைபேசியில் யோசனைகளை மட்டும் சொல்லி எங்களை எரிச்சலூட்டிவந்த தம்பிக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கும்படி அந்த ஆலோசகரே கூறினார். இப்போது இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் அவன் பயணியாகிறான். அப்பா நிறுத்தங்களைச் சொல்லிச் சீட்டுக் கிழிக்கிறார். தூரத்தில் இருப்பதால் அவனுக்குள் இருந்த குற்றவுணர்வுதான் அத்தனை யோசனைகளாக வந்தது என்பதும் எங்களுக்குப் புரிந்தது.

அப்பாவைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் தயங்காமல் வாருங்கள். அவர் அழுதால் எழுந்து போய்விட வேண்டாம். பழைய வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள், தானாக நின்றுவிடும். முக அட்டையைப் படியெடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேச இயலாதவர் எவரேனும் இருந்தால், வரும்போது கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில்,
மூத்த மகள்,
பாளையங்கோட்டை