கோத்தகிரியில இருந்து ஒரு லெட்டர்

மச்சான்,

நல்லா இருக்கியாடா? வீட்ல, புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? உங்கம்மாவுக்கு கண் ஆபரேஷன் பண்ணினதுக்கு அப்புறம் எப்படி இருக்கு, சொட்டு மருந்து நேரத்துக்கு விடுறாங்களா? போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல உனக்கு ஷிப்ட் டைம் வந்துருது, அதான் இன்னிக்கு உக்காந்து முழுசா டைப் பண்ணிடலாம்னு.

இங்க சீசன். ஊட்டியில இருந்து இறங்குற வண்டி பூரா நம்ம ரோட்லதான் விடுறாங்க, ஊட்டிக்கு ஏறுற வண்டி மட்டும் பர்லியார் குன்னூர் வழியா. 2024 மே மாசம் ஹைகோர்ட் சொல்லி இ-பாஸ் வந்ததுல இருந்து கொஞ்சம் பரவாயில்லைன்னு சொல்றாங்க, ஆனா சனி ஞாயிறு டானிங்டன்ல ரோட்டை தாண்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. நேரு பார்க்ல காய்கறி கண்காட்சி முடிஞ்சுது, புள்ளைங்கள கூட்டிட்டு போய் காமிச்சேன். டீ ஃபேக்டரியில இலை வரத்து நல்லா இருக்கு, மழை ரெண்டு தடவை புடிச்சு பெஞ்சுச்சு, ராத்திரி ஷிப்ட் தொடர்ந்து ஓடுது.

விஷயம் என்னன்னா போன வாரம் எல்லாரும் மேட்டுப்பாளையம் இறங்கி நம்ம பழைய தண்ணி பார்க்குக்கு போயிட்டு வந்தோம்டா. 1998-ல பத்தாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டு போனாங்களே அதேதான். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வெயில் தாங்காம மேல ஏறி வரான், நாங்க பொட்டி கட்டிக்கிட்டு கீழ இறங்குறோம். ஆனா வேற என்னடா பண்றது, நம்ம ஊர் தண்ணியில காலை வச்சா எலும்பு வரைக்கும் ஏறுது, இங்க பொறந்த புள்ளைங்க ஆசை தீர தண்ணியில விளையாடணும்னா கீழதான் போகணும்.

அம்மா கூடலூர்ல தங்கச்சி பிரசவத்துக்கு போயிருக்கு, அப்பாவை தனியா விட்டுட்டு போக மனசு வரல, வாங்கன்னேன். எனக்கு எதுக்குடா அதெல்லாம்னு சொன்னாரு, சின்னவ போய் தாத்தா கையை புடிச்சு இழுத்ததும் சட்டையை மாட்டிட்டு கிளம்பிட்டாரு.

காலைல முதல் பஸ். குஞ்சப்பனை கிட்ட பஸ்ஸை ஸ்லோ பண்ணிட்டாரு டிரைவர், பலாப்பழ சீசன்ல, யானை ரோட்டு ஓரத்துல நிக்குதுன்னு மேல வந்த வண்டிக்காரர் கை காட்டுனாரு. நாங்க பாக்கும்போது யானை இல்ல, ரோட்டுல பலாச்சக்கை மட்டும் சிதறி கெடந்துச்சு, வாசம் பஸ்ஸுக்குள்ள வரைக்கும் வந்துச்சு. இறங்க இறங்க எல்லாருக்கும் காது அடைக்குது, ஸ்வெட்டரை ஒவ்வொருத்தரா கழட்டுறாங்க, பாக்குத்தோப்பு வர்றப்போ சட்டை நனைஞ்சிருச்சு. வெளி சாப்பாடு உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும், அதனால வாசலுக்கு முன்னாடி வேப்பமரத்தடியிலயே புளிச்சோறும் உருளைக்கிழங்கும் பிரிச்சு சாப்பிட்டுட்டுதான் உள்ள போனோம்.

பார்க் அப்படியே இருக்குடா மச்சான். நீ மேல ஏறிட்டு இறங்க மாட்டேன்னு அழுதியே அந்த நீல கலர் சறுக்கு, அதே இடம், பெயிண்ட் மட்டும் வெளிறிப்போச்சு. ராட்டினம் இருக்கு, டாஷிங் கார் இருக்கு. புதுசா கோயம்புத்தூர் பக்கம் மெட்ராஸ் பக்கம் வர்றதெல்லாம் பாத்தா பெரியவங்க ஏறவே முடியாது, தலைகீழா திருப்பி போடுறான், நெஞ்சு வலி இருக்கா முதுகு வலி இருக்கான்னு ஒரு போர்டே வச்சிருக்கான். இங்க தாத்தாவும் பேத்தியும் ஒரே கியூல நிக்கலாம். எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு.

தண்ணியில காட்டன் துணியோட இறங்க விட மாட்டாங்க, நைலான்தான் போடணும். அப்பா வேட்டியை தவிர வேற கட்டி நான் பாத்ததில்ல, தேயிலைச் செடி வெட்டுற கவாத்துக்கு போகும்போது காக்கி டவுசர், அவ்வளவுதான். கடையில ஒரு நைலான் டவுசர் வாங்கி குடுத்தேன், போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. முழங்காலுக்கு கீழ ரெண்டு கால்லயும் பழைய அட்டை கடிச்ச தழும்பு, கவாத்து கத்தி பட்ட தழும்பு. சின்னவ ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணிக்கிட்டு இருந்தா.

வேவ் பூல்ல சைரன் ஊதினதும் எல்லாரும் கத்திக்கிட்டு ஓடுறாங்க. பெரியவன் விடல, அப்பா அலை எங்கருந்து வருது, உள்ள யாரு தள்றா, அப்படின்னு. அங்க வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன், ஆழமான பக்கம் இருக்கிற சுவத்துக்கு பின்னாடி ரூம் ரூமா இருக்காம், பெரிய ப்ளோயர் காத்தை அதுக்குள்ள விட்டு விட்டு அடிக்குமாம், காத்து தண்ணியை கீழ அமுக்க, அது சுவத்துக்கு அடியில புகுந்து இந்தப்பக்கம் அலையா வருது. எனக்கு உடனே புரிஞ்சிருச்சு. நம்ம ஃபேக்டரியில இலை பரப்புற ட்ரஃப்ல இலை வாட்ட அடியில ஃபேன் வச்சு காத்து அனுப்புறோம்ல, அது நிக்காம போகும், இது நிறுத்தி நிறுத்தி போகுது. பையனுக்கு அப்படியே சொன்னேன், அப்பா ஃபேக்டரி ஃபேன் மாதிரியான்னு கேட்டுட்டு கண்ணு விரிய பாத்தான்.

அப்புறம் கொலம்பஸ், ஊஞ்சலாட்டம் ஆடுற அந்த கப்பல். அப்பா ஏறுறேன்னாரு. ஓரத்துலதான் ரொம்ப தூக்கும், நடுவுல அவ்வளவா ஆடாதுன்னு நடு சீட்டுல உக்கார வச்சு பக்கத்துல நான். கீழ ஒரு டயர் மோட்டார்ல சுத்துது, கப்பலோட அடிவயித்தை ஒவ்வொரு தடவை வரும்போதும் தேச்சு தள்ளி விடுது, அந்த ரப்பர் சூடான வாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆட ஆரம்பிச்சதும் அப்பாவை பாத்தேன். முன்னாடி கம்பியை புடிக்கல. ரெண்டு கையும் மடியில. ஆனா வெறுங்காலு ரெண்டையும் ஒண்ணா சேத்து தரையில அழுத்தி, விரலெல்லாம் மடக்கி ஊனி வச்சிருக்காரு, எதையோ நகர விடாம மிதிச்சு புடிச்ச மாதிரி.

இறங்கினதும், பயமா இருந்துச்சாப்பான்னேன். இல்லடா, கப்பல்ல வரும்போது தகரப்பொட்டியை இப்படித்தான் மிதிச்சுக்கிட்டு வந்தேன், கப்பல் சாஞ்சா பொட்டி ஓடிரும்னு உங்க அப்பாயி என்னை அதை விட்டு நகர விடல, அப்படின்னாரு. 1972-ல தலைமன்னார்ல ஏறினப்போ அவருக்கு 17 வயசு. சிலோன் தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்களை இங்க அனுப்ப 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், வந்து இறங்கின மண்டபம் கேம்ப், டான்டீங்கிற கவர்மெண்ட் தேயிலைத் தோட்டத்துல வேலை, இதெல்லாம் சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு நமக்கு மனப்பாடம்டா, தோட்டத்து லைன்ல எந்த வீட்டுக்கு போனாலும் அதே கதைதான். பொட்டியை மட்டும் இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொன்னதில்ல. உள்ள என்னப்பா இருந்துச்சுன்னேன். ரெண்டு கம்பளி, அப்பாயியோட பித்தளை செம்பு, துண்டுல முடிஞ்ச கருவாடு. கருவாடு வாசம் கப்பல் பூரா அடிச்சுச்சாம், யாரும் ஒண்ணும் சொல்லலயாம், எல்லார் பொட்டியிலயும் அதே இருந்துச்சாம்.

சொல்லிட்டு, இன்னொரு தடவை ஏறலாமாடான்னு கேட்டாரு. ஏறினோம். அப்புறம் சின்னவளோட மூணாவது தடவையும் ஏறினாரு, அப்போ கம்பியை புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு வந்தாரு, நான் கீழ நின்னு போட்டோ எடுத்தேன், அனுப்பியிருக்கேன் பாரு.

சாயங்காலம் மேல ஏறுற பஸ்ல உக்காந்ததும் புள்ளைங்க தூங்கிருச்சுங்க, ஸ்வெட்டரை மறுபடி மாட்டி விட்டோம். அப்பா மட்டும் தூங்காம பேசிக்கிட்டே வந்தாரு, அரவேணு வர்ற வரைக்கும்.

காலாண்டு லீவுக்கு நீ கண்டிப்பா வரணும்டா, ரெண்டு வீடும் சேந்து போவோம், நாள் முன்னாடியே சொல்லிட்டா நான் ஷிப்ட் மாத்திக்குவேன். உங்கப்பாவையும் கூட்டிட்டு வா. அதே கப்பல்லதான் உங்கப்பாவும் வந்தாராம், மூணு வரிசை தள்ளி உக்காந்திருந்தாராம், அப்பா சொன்னாரு. அவர் பொட்டியில என்ன இருந்துச்சுன்னு கேட்டு எழுது.