முழுத் தொடர் என்று விற்றீர்களே, கிறிஸ்துமஸ் எபிசோடுகள் எங்கே?

அனுப்புநர்:
வருடச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிரிட்டிஷ் தொடர்களில் சிறப்பு எபிசோடுகள் இல்லாமை, வெட்டப்பட்ட பிரதிகள், தவறான சப்டைட்டில் குறித்துப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களும் பழைய காலத்தில் நடக்கும் பீரியட் டிராமாக்களும் "எல்லா சீசன்களும் முழுமையாக" கிடைக்கும் என்று உங்கள் தளத்தின் முகப்பில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வருடச் சந்தா கட்டினேன். வீட்டில் இவற்றை அதிகம் பார்ப்பவர் என் அம்மா. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதால் சப்டைட்டில் போட்டுத்தான் பார்ப்பார். இதையெல்லாம் உங்கள் அரட்டைச் சேவையில் ஏற்கெனவே எழுதினேன். "சிறப்பு எபிசோடுகள் கூடுதல் உள்ளடக்கம், அவை சந்தாவில் சேராது" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் 'டவுன்டன் ஆபி'. ஒரு பிரபுக் குடும்பமும் அவர்கள் வீட்டுப் பணியாளர்களும்தான் கதை. 2010 முதல் 2015 வரை ஆறு சீசன், மொத்தம் 52 எபிசோடுகள். உங்கள் பட்டியலில் 47தான் இருக்கின்றன. விடுபட்ட ஐந்தும் 2011 முதல் 2015 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் ஒளிபரப்பான எபிசோடுகள். அவற்றில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? இரண்டாவது சீசனின் கடைசியில் பிரபுவின் பணியாள் பேட்ஸ், மனைவியைக் கொன்றதாகக் கைதாகிறார். அவருடைய வழக்கு, தூக்குத் தண்டனை, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்படுவது எல்லாமே 2011 கிறிஸ்துமஸ் எபிசோடில்தான் வருகின்றன. கொட்டும் பனியில் குடும்பத்தின் வாரிசான மேத்யூ, பிரபுவின் மூத்த மகள் மேரியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்பதும் அதில்தான். உங்கள் தளத்திலோ, சீசன் இரண்டு முடிந்து அடுத்ததைத் தொட்டால் நேரே கல்யாண வேலை நடக்கிறது. பேட்ஸ் ஜெயிலில் இருக்கிறார்.

இதைவிட மோசம் 2012. மேத்யூவாக நடித்த டேன் ஸ்டீவன்ஸ் தொடரை விட்டு விலக முடிவு செய்ததால், அந்த வருடக் கிறிஸ்துமஸ் எபிசோடின் கடைசியில் மேத்யூ கார் விபத்தில் இறந்துபோகிறான். மனைவியையும் பிறந்த குழந்தையையும் பார்த்துவிட்டு சந்தோஷமாகத் திரும்பும் வழியில் அது நடக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் இப்படியா என்று பிரிட்டனில் பலர் கோபப்பட்டார்கள், அழுதார்கள். தொடரின் மிகப் பெரிய திருப்பம் அதுதான். நாங்கள் பார்த்ததோ மூன்றாவது சீசனின் எட்டாவது எபிசோடு, அடுத்து நான்காவது சீசனின் முதல் எபிசோடு. ஆறு மாதம் கழிந்திருக்கிறது, மேரி கறுப்பு உடையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா என்னைப் பார்த்து, "நடுவில் நான் தூங்கிட்டேனா?" என்று கேட்டார். அவர் தூங்கவில்லை. கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டு எங்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

முடிவும் அப்படியே. ஆறாவது சீசனின் எட்டாவது எபிசோடில் மேரிக்குக் கல்யாணம் ஆகிறது. அவள் தங்கை ஈடித்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. முதல் சீசனிலிருந்து ஏமாற்றம் மேல் ஏமாற்றமாகப் பார்த்த பெண் அவள். காதலன் பெர்ட்டியோடு அவளுக்குக் கல்யாணம் நடப்பதும், தலைமைப் பணியாளர் கார்சனுக்குக் கை நடுக்கம் வந்து, அவருக்குக் கீழே இருந்த தாமஸ் பாரோ அவர் இடத்தில் அந்த வீட்டின் பட்லர் ஆவதும் 2015 கிறிஸ்துமஸ் எபிசோடில் இருக்கின்றன. அதுதான் தொடரின் கடைசி எபிசோடு. உங்கள் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் ஈடித் இன்னும் தனியாகத்தான் நிற்கிறாள். இதற்கா கூடுதல் உள்ளடக்கம் என்று பெயர்?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் எபிசோடு என்பது பண்டிகைக்காகச் சும்மா ஒட்டுவது மட்டுமல்ல. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கிற வழக்கம் அங்கே பல தலைமுறையாக இருக்கிறது, சேனல்களும் அந்த ராத்திரிக்குத்தான் போட்டி போடுகின்றன. அதனால் எழுத்தாளர்கள் பெரிய திருப்பங்களை அதற்கென்றே எடுத்து வைக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடரான 'தி ஆபீஸ்' இன்னொரு உதாரணம். 2001இலும் 2002இலும் ஆறாறு எபிசோடுகள், பிறகு 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு. இரண்டாவது சீசனின் முடிவில் டிம், கூட வேலை பார்க்கும் டான் என்ற பெண்ணிடம் மனதைச் சொல்கிறான், அவள் மறுத்துவிடுகிறாள். அவள் திரும்பி வந்து அவனை முத்தமிடுவது அந்த இரண்டில் கடைசியில். நீங்கள் வைத்திருப்பது முதல் 12 மட்டும்.

அடுத்து, எனக்கு நெருக்கமான 'எஸ் மினிஸ்டர்'. ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதியது. அமைச்சர் ஹேக்கராக பால் எடிங்டன், செயலாளர் சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாத்தோர்ன். 1980 முதல் 21 எபிசோடுகள், பிறகு 1986இலிருந்து 'எஸ் பிரைம் மினிஸ்டர்' என்ற பெயரில் 16. இரண்டுக்கும் நடுவே 1984 டிசம்பரில் ஒரு மணி நேர எபிசோடு ஒன்று வந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று பிரசாரம் செய்த உள்துறை அமைச்சரே குடித்துவிட்டு ஓட்டி மாட்டுவதும், ஐரோப்பாக்காரர்கள் பிரிட்டிஷ் சாஸேஜின் பெயரை மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஹேக்கர் ஜனங்களைக் கிளப்பிவிடுவதும், கடைசியில் அந்த மனிதர் பிரதமராகவே ஆகிவிடுவதும் அதில்தான். சர் ஹம்ஃப்ரி கேபினட் செயலாளர் ஆவதும் அதில்தான். அது உங்களிடம் இல்லை. நேற்றுவரை அமைச்சர், இன்று பிரதமர், எப்படி ஆனார் என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தியாவில் இந்தத் தொடரை நேசிப்பவர்கள் நிறையப் பேர். 2001இல் ஸ்டார் பிளஸ்ஸில் ஃபரூக் ஷேக் நடித்து 'ஜி மந்த்ரிஜி' என்று இந்தியிலேயே எடுத்தார்கள். நம் ஊர் அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, எப்படி நகராமல் நிற்கிறது என்று தெரிந்த யாருக்கும் சர் ஹம்ஃப்ரியை உடனே அடையாளம் தெரியும். இங்கே இதற்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதால்தானே நீங்களும் வாங்கிப் போட்டீர்கள்?

இருக்கிற எபிசோடுகளாவது முழுசாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. பிபிசி தன் பிரிட்டிஷ் சேனல்களில் விளம்பரம் போடுவதில்லை, அங்கே டிவி வைத்திருப்பவர்கள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் ஓடும் நிறுவனம். அதனால் அதன் நகைச்சுவைத் தொடர்கள் ஏறக்குறைய முழு அரை மணி நேரம் ஓடும். வெளிநாட்டு விளம்பர சேனல்களில் போடும்போது நேரத்துக்கு அடங்குவதற்காகச் சில நிமிடங்களை வெட்டுவார்கள். உங்கள் தளத்தில் 'எஸ் மினிஸ்டர்' பல எபிசோடுகள் 24, 25 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அப்படி வெட்டிய பிரதிகளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தொடரில் ஒரு காட்சியில் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை பத்து நிமிடம் கழித்து ஹேக்கரின் கழுத்தைப் பிடிக்கும். முதலாவதை வெட்டிவிட்டால் இரண்டாவதற்குச் சிரிப்பு வராது. ஸ்டுடியோவில் நேரில் பார்த்தவர்கள் சிரிப்பது கேட்கிறது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

படத்தின் வடிவத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஹோட்டலில் நடக்கும் நகைச்சுவைத் தொடர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இலும் 1979இலும் எடுத்தது, மொத்தமே 12 எபிசோடுகள். அந்தக் காலத்து டிவிக்கு ஏற்ற 4:3 அளவு. அதை இன்றைய அகலத்திரைக்கு நிரப்பிக் காட்டுவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. ஹோட்டல்காரராக நடித்த ஜான் கிளீஸ் ஆறடிக்கு மேல் உயரம், அவரிடம் அடிவாங்கும் பணியாள் மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் அவருக்குத் தோள் மட்டம்தான் இருப்பார். அந்த உயர வித்தியாசம், கிளீஸின் நீண்ட கால்கள் ஒன்றையொன்று தடுக்குவது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நகைச்சுவை. உங்கள் படத்தில் ஒருத்தருக்குத் தலை இல்லை, இல்லையென்றால் கால் இல்லை. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சப்டைட்டில் அம்மாவுக்கு வெறும் வசதி அல்ல, அது இல்லாமல் அவரால் பார்க்கவே முடியாது. சர் ஹம்ஃப்ரி மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தை அரை நிமிடம் நீட்டிப் பேசுவார், கேட்பவருக்கு எதுவும் புரியக் கூடாது என்பதே அவர் நோக்கம். அந்த வசனங்களை அப்படிப் பேசியதற்காகவே ஹாத்தோர்னுக்கு நான்கு முறை பிரிட்டனின் பாஃப்டா திரை விருது கிடைத்தது என்று நான் நம்புகிறேன். உங்கள் சப்டைட்டிலில் அந்த வாக்கியம் ஒன்றரை வரியாகச் சுருங்கியிருக்கிறது. வடக்கு இங்கிலாந்து உச்சரிப்பு வரும் இடங்களில் "தெளிவாக இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள். காது நன்றாகக் கேட்கிற எனக்கே அங்கேதான் எழுத்து தேவைப்படுகிறது! பிபிசி 2008இலிருந்து தன் முக்கிய சேனல்களில் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் சப்டைட்டில் கொடுக்கிறது. நல்ல பிரதி எங்கோ இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் வேலை.

இன்னொன்று, சின்ன விஷயமாகத் தெரியலாம். எபிசோடு முடிவதற்குள் 'அடுத்தது' என்ற பெட்டி படத்தைச் சுருக்கி மூலைக்குத் தள்ளுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையைப் பற்றிய 'டாட்ஸ் ஆர்மி'யில் கடைசியில் பெயர்கள் ஓடும்போது நடிகர்கள் ஒவ்வொருவராக வயல்வெளியில் நடந்து வருவார்கள், அந்தத் தொடரை நேசிப்பவர்கள் அதைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். 1989இல் வந்த, முதல் உலகப் போர்முனையில் நடக்கும் 'பிளாக்ஆடர்' நான்காவது தொடரின் கடைசிக் காட்சி இன்னும் முக்கியம். ஆறு எபிசோடு முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டு, பதுங்குகுழியிலிருந்து அத்தனை பேரும் துப்பாக்கிச் சூட்டை நோக்கி ஓடுவார்கள். படம் மெதுவாக மறைந்து பாப்பிப் பூக்கள் நிறைந்த வெளியாக மாறும், பறவைச் சத்தம் மட்டும் கேட்கும். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி அது. அந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சியின் டிரெய்லர் சத்தமாக ஓட ஆரம்பித்தது. அமைப்புகளில் தானியங்கி ஓட்டத்தை (ஆட்டோபிளே) நிறுத்தினாலும் டிவி ஆப்பில் அது மறுபடியும் தானாகவே வந்துவிடுகிறது.

சரி, நான் கேட்பது இதுதான். விடுபட்ட சிறப்பு எபிசோடுகளை அந்தந்த சீசனுக்கு அடுத்து, ஒளிபரப்பான வரிசையில் சேருங்கள். உரிமை கிடைக்காத எபிசோடு இருந்தால், "இந்த இடத்தில் ஓர் எபிசோடு இல்லை" என்று பட்டியலிலேயே எழுதுங்கள், 'முழுமையாக' என்ற விளம்பரத்தை உடனே எடுத்துவிடுங்கள். வெட்டாத பிரதி, வெட்டாத படம், முழுச் சப்டைட்டில் ஆகியவற்றுக்கு எப்போது ஏற்பாடு செய்வீர்கள் என்று தேதியோடு எழுத்தில் சொல்லுங்கள். தானியங்கி ஓட்டத்தை நிறுத்தினால் அது நின்றபடியே இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய முடியாதென்றால் வருடச் சந்தாவில் மீதியுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவும் வேண்டும். அதுவரை காத்திருப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு சட்டம் நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிப்பதால், கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் முகப்பு விளம்பரம், எபிசோடு பட்டியல், அரட்டைப் பதில் மூன்றின் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருடச் சந்தாதாரர்