வேலையை விடுவதற்கு முன்: தேன்மொழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தேனு,

உன் மெயிலைப் படித்த அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். ஆனால் "வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து படம் மட்டும் வரையலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றே" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு "வாடி" என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் மனசு வரவில்லை, "வேண்டாம்" என்று சொல்லவும் வரவில்லை. கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று தள்ளித் தள்ளி இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் சங்கதி. உங்கள் தோப்பு வழியாகப் போன வாரம் காவேரிப்பட்டணம் போனேன். பெங்களூரா மாங்காய் கிளை முறிகிற மாதிரி தொங்குகிறது, உங்கப்பாவோ மாங்கூழ் ஃபேக்டரியில் என்ன விலை சொல்வார்களோ என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது, ஆனால் நடக்கிறார், எனக்குக் களி கிண்டிப் போட்டுத்தான் அனுப்பினார். எங்க வீட்டில் அப்பாவுக்குக் குரல் முன்பு மாதிரி எழும்புவதில்லை. இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பாரதக் கூத்துக்கு வேஷம் கட்டவில்லை, பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து தாளம் போட்டார். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மாசம் 3,000 ரூபாய் கொடுக்கிறதே, அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் நம்மோடு படித்தவர்களை ஒரு தடவை நினைத்துப் பார். வகுப்பில் யார் கை நல்ல கை என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கைகளில் பாதிக்கு மேல் இன்றைக்கு வரைவதில்லை. திறமை குறைந்துபோய் நிறுத்தவில்லை, ஆசை தீர்ந்துபோயும் நிறுத்தவில்லை. இன்னும் வரைந்துகொண்டிருப்பவர்களை எடுத்துக்கொண்டால் எல்லோரிடமும் பொதுவாக ஒன்றுதான் தெரிகிறது. அவர்களைத் திரும்பக் கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை வேலை கொடுத்தவர் அடுத்த வருஷமும் கொடுக்கிறார், தன் தம்பியிடம் சொல்கிறார், பக்கத்து ஊரில் சொல்கிறார். இது இருந்தால் கலையில் காலம் தள்ளலாம். இது இல்லாமல் எவ்வளவு பெரிய பாராட்டு கிடைத்தாலும் மூன்றாம் மாசம் வாடகைக்கு முழிக்க வேண்டியதுதான்.

இதை நான் எங்க அப்பாவின் ஜமாவை, அதான் அவருடைய தெருக்கூத்துக் குழுவை, பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சின்ன வயசில் எனக்கு அது பெரிசாகத் தெரிந்ததில்லை, விடிய விடிய ஆடுகிறார்கள், பகலில் தூங்குகிறார்கள், அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து பார்த்தால் எத்தனை கெட்டிக்காரத்தனமாக அமைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தால்தான் தேதி உறுதி, அச்சாரம் இல்லாமல் ஒரு நாளைக்கூட எழுதி வைக்க மாட்டார்கள். வருகிற பணம் பங்காகப் பிரியும். வாத்தியாருக்கு ஒரு அளவு, வேஷக்காரருக்கு ஒரு அளவு, மத்தளம், முகவீணைக்கு ஒரு அளவு, அதோடு பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. உடுப்பும் மரத்தில் செய்த கட்டை நகையும் இருக்கிற அந்தப் பெட்டி தேயும், கிழியும், சரிசெய்யக் காசு வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கிறார்கள் பார். நாம் லேப்டாப் போனால் அழுகிறோம், அதற்கென்று மாசாமாசம் எடுத்து வைப்பதில்லை.

மழைக் காலத்தில் ஆட்டம் கிடையாது. சிலர் காட்டு வேலைக்குப் போவார்கள், சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுவார்கள். அப்பா அந்தக் கட்டை நகைகளைச் செய்வார். உனக்குக் காட்டியிருக்கிறேனா என்று நினைவில்லை. கல்யாண முருங்கை மரம் கையில் எடுத்தால் கனமே இருக்காது, அதனால்தான் ராத்திரி முழுக்கத் தலையிலும் தோளிலும் தாங்க முடிகிறது. அதை அறுத்துக் காயவைத்து, கிரீடத்துக்கும் புஜகீர்த்திக்கும் செதுக்கி, மேலே பேப்பரைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவார். பசை முழுசாகக் காய்வதற்குள் கண்ணாடிச் சில்லைப் பதிக்க வேண்டும், பிந்தினால் நிற்காது, முந்தினால் வழுக்கிவிடும். அப்புறம் ஜிகினா. ஒவ்வொரு சில்லையும் ஒரே மட்டமாகப் பதிக்க மாட்டார், கொஞ்சம் கொஞ்சம் சாய்த்துத்தான் வைப்பார். அப்போதுதான் ஆடுகிறவன் தலையைத் திருப்பும்போது வெளிச்சம் ஒரு சில்லிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும். இதற்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்காகத்தான் பக்கத்து ஜமாக்காரர்களும் இவரிடமே வந்து கட்டை வாங்குகிறார்கள்.

உன் இன்ஸ்டாகிராமில் எத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான், உன் படங்களுக்கு அது தகும். ஆனால் அவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார். அந்த இரண்டாவது எண்தான் எனக்குத் தெரிய வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே நான் தைரியமாக "வா" என்று சொல்லிவிடுவேன்.

என் பிழைப்பைச் சொல்கிறேன், உனக்கு உதவும். குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுவதில்தான் பெரிய பங்கு வருகிறது. அங்கன்வாடிச் சுவர், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் சதுர அடிக் கணக்கில். அது கோடை விடுமுறையில் மொத்தமாக வந்து அப்புறம் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அந்தப் பணத்தில் மளிகை ஓடிவிடுகிறது. அப்பாவின் கட்டைக்கு இப்போது நான்தான் வர்ணம். இதெல்லாம் போக எனக்கே எனக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன், நடுகல் வரைவது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அங்கே போய்ப் பென்சிலில் வரைகிறேன். நெஞ்சில் அம்பு தைத்த பிறகும் வில்லை விடாமல் நிற்கிற வீரன், அவன் கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, செதுக்கியவன் முழங்காலை எப்படி இரண்டே கோட்டில் மடக்கிவிட்டான் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதில் ஒரு ரூபாய் வராது, வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இது இல்லாவிட்டால் மற்ற வேலையில் கை வறண்டுவிடுகிறது. ஊருக்கு வந்தால் எல்லா நேரமும் உனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் இல்லையா, அப்படி இருக்காது. பில் போடுவது, காசு கேட்டு போன் செய்வது, விலை பேசுவது, இதிலேயே பாதி நாள் போகும். உனக்கென்று ஒரு வேலையைப் பிடித்து அதற்கு நேரத்தை நீயே ஒதுக்கி வைத்தால்தான் உண்டு.

காசு விஷயத்தில் கூச்சப்படாதே. முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடாதே. எத்தனை முறை திருத்தம் செய்து தருவாய் என்பதை முதலிலேயே எழுதிவிடு. பல கம்பெனிகள் பில்லில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும், நம் ஆட்களில் பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் உரிமை. இதை நீ கவனமாகப் படி. ஒரு பதிப்பகத்துக்கு நான் போட்ட படங்களை அவர்கள் வேறொரு புத்தகத்தில், நாட்காட்டியில், பையில் எல்லாம் போட்டுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதான் அப்பவே காசு கொடுத்தாச்சே" என்றார்கள். அதற்கப்புறம்தான் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான் கணக்கு, எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இந்த இரண்டு வரியும் தெரிந்த பிறகு நான் பேசுகிற தோரணையே மாறிவிட்டது. இப்போதெல்லாம் எந்தப் புத்தகம், எத்தனை வருஷம், வேறு எதிலாவது போட்டால் தனிப் பணம் என்று நானே ஒரு பக்கக் கடிதம் அடித்து அனுப்புகிறேன். பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

உனக்கு இது இன்னொரு விதத்தில் முக்கியம். சம்பளத்துக்கு இருக்கும்போது அந்த வேலைக்காகச் செய்ததெல்லாம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குத்தான் சொந்தம். அது நியாயம், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நீ வரைகிற அந்த எருதுவிடும் திருவிழாப் படங்கள்? சில கம்பெனிகளின் நியமனக் கடிதத்தில் எப்போது, எங்கே வரைந்தாலும் எங்களுக்கே என்று ஒரு வரி இருக்கும். உன்னுடையதில் இருக்கிறதா என்று பார்த்தாயா?

இயந்திரமே படம் போடுகிறதே, இனிமேல் யார் நம்மிடம் வருவார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறாய். பயம் நியாயமானதுதான். போஸ்டர், அழைப்பிதழ் மாதிரிச் சின்ன வேலைகள் எனக்கும் குறைந்துவிட்டன. ஃப்ளெக்ஸ் வந்தபோது தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி போர்டு எழுதிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். அவர்களில் எழுத்து ஒன்றையே நம்பியவர்களுக்குத்தான் பெரிய அடி. கோயில் சுவருக்கும் தேருக்கும் போனவர்கள் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்கள். ஊருக்கே போய், ஆட்களோடு பேசி, அவர்கள் சாமிக்கு எந்தக் கையில் என்ன ஆயுதம் என்று கேட்டு வரைகிற வேலையை இன்னும் மனுஷனிடம்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கமாக நீ நகர வேண்டும். உனக்கு அது வரும், தோப்பில் கூலிக்கு வருகிற அக்காக்களை நீ வரைந்த படங்களில் ஒவ்வொருத்தரும் தலைத்துண்டு கட்டியிருக்கிற விதமே வேறு வேறு. அதைப் பார்த்து வளர்ந்த கைக்குத்தான் அது வரும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் பரிசில் கொடுக்காமல் நாளைக் கடத்தியபோது ஔவையார் வாயிற்காவலனைப் பார்த்துப் பாடியது, புறநானூற்றில் 206ஆம் பாட்டு. அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லாம் மாண்டுபோய் உலகம் ஒன்றும் வெறுமையாகிவிடவில்லை, யாழைத் தோளில் மாட்டிக்கொண்டேன், மூட்டையையும் கட்டிவிட்டேன், கோடரியோடு காட்டுக்குள் போகிற தச்சன் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் மரம்தான், எனக்கும் "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கையில் தொழில் இருந்தது, கருவி அவருடையதே, ஒரு வாசலை மட்டும் நம்பி அவர் இல்லை, அதனால்தான் அப்படிப் பேச முடிந்தது. உனக்கும் அப்படிப் பேசுகிற நாள் வர வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தனியாக உட்கார்ந்து வரைவது இன்னொரு கஷ்டம். ஆபீஸில் பத்துப் பேர் உன் படத்தை எட்டிப் பார்த்து ஏதாவது சொல்கிறார்கள், இங்கே அம்மாவும் நாய்க்குட்டியும்தான். நாங்கள் நாலைந்து பேர், ஒரு போட்டோகிராபர், இரண்டு டிராயிங் டீச்சர், கிருஷ்ணகிரியில் மண் சிற்பம் செய்கிற ஒரு அண்ணன், மாசத்தில் ஒரு நாள் கூடி அந்த மாசம் செய்ததை நடுவில் வைத்துப் பேசுகிறோம். வேலை வந்தாலும் கைமாற்றிக் கொள்கிறோம். நீ வந்தால் ஆறாவது ஆள். மணிக்கட்டையும் கவனி. இப்போதே வலிக்கிறது என்கிறாய், அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதே, அங்கேயே டாக்டரைப் பார்த்துவிட்டு வா. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போதே பார்.

ஆக, இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். பொங்கல் வரை அங்கேயே இரு. அதற்குள் வெளிவேலை செய்யத் தடையில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால், உன் பெயரில் நாலு பேருக்கு வேலை செய்து கொடு. அதில் இரண்டு பேராவது திரும்ப வருகிறார்களா பார். ஆறு மாச வீட்டுச் செலவுக்கு வங்கியில் ஒதுக்கி வை, அதைத் தொடாதே. குழந்தைப் புத்தகம் போடுகிற ஒருவரிடம் உன்னைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறேன், எருதுவிடும் படங்களில் ஆறேழைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தப் படங்கள் உன்னுடையவைதான் என்று உறுதியானால் அனுப்பலாம். அதனால் முதலில் உன் நியமனக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. எல்லாப் பக்கமும் வேண்டும், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து. ஆடி பதினெட்டுக்கு வருவாய்தானே, வந்தால் அந்த மாசக் கூட்டத்தையும் அதை ஒட்டியே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வி