உப்சிலான் ஆந்த்ரோமிடா பார்த்தேன் கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி பனி இறங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஒன்பது மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். "உப்சிலான் ஆந்த்ரோமிடா நட்சத்திரம் நிஜமாகவே மஞ்சளாத் தெரியுமா அம்மா"ன்னு போனில் கேட்டாயே, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது பிரகாசத்தில் நாலாம் அளவு நட்சத்திரம், அந்த மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. நேராக முறைத்தால் மறையும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் திரும்ப வரும். அப்புறம் சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கையை முட்டுக்கொடுத்து உன் பழைய பைனாகுலரில் பார்த்தேன். காய்ச்சின பாலில் ஏடு படிந்தால் ஒரு நிறம் வருமே, அது லேசாகத் தெரிந்தது.

சூரியன் மேல்பரப்பு சுமார் 5,500 டிகிரி என்றால் இது 5,900 பக்கம். வெளிச்சம் மூன்று மடங்குக்கு மேல். 44 ஒளியாண்டு தூரம், அதாவது நான் பார்த்த வெளிச்சம் இந்தத் தோட்டத்து வீட்டுக்குக் கரண்ட் வருவதற்கு முன்னாலேயே கிளம்பியது.

எனக்கு ஆசை இதன் கோள்கள்மேல்தான். கலிபோர்னியாவில் லிக் வானாய்வகத்தில், இதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் 4.6 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நகர்வதைப் பார்த்து, வியாழன் மாதிரி ஒரு கோள் ஒட்டிக்கொண்டு சுற்றி நட்சத்திரத்தை இழுத்து ஆட்டுகிறது என்று 1996-ல் சொன்னார்கள். நம் புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாள் ஆகும், யோசித்துப் பார். அந்தக் கோளின் இழுப்பைக் கழித்த பிறகும் ஆட்டம் மிச்சம் இருந்தது, அதைப் பிழை என்று ஒதுக்காமல் வருஷக்கணக்கில் அளந்துகொண்டே இருந்ததால்தான் 1999-ல் இன்னும் இரண்டு கிடைத்தன, ஒன்றுக்கு 241 நாள், இன்னொன்றுக்குச் சுமார் மூன்றரை வருஷம். சூரியன் மாதிரி சாதாரண நட்சத்திரம் ஒன்றைப் பல கோள்கள் சுற்றுவதை மனுஷன் கண்டது அதுதான் முதல் தடவை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

இங்கே அது வடக்கே அறுபது டிகிரி உயரத்தில். டொராண்டோவில் உனக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வரும். மிராக், அல்மாக் என்ற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களையும் பிடித்துக்கொள், நடுவில் கொஞ்சம் வடக்கே தள்ளித் தேடு. தெருவிளக்கு இல்லாத பக்கமாகப் போ, காதை மூடிக் குல்லா போட்டுக்கொள். டிசம்பர் முதல் வாரம் ராத்திரி ஒன்பதரைக்குப் பார்த்துவிட்டு உடனே கூப்பிடு, இங்கே அப்போது காலை எட்டு மணி, நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா