காலைக் கழற்றும் காட்சி எங்கே?

ஆசிரியருக்கு,

சென்ற இதழோடு முடிந்த தொடர்கதையை ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். 400 மீட்டர் ஓட்டக்காரன் ஒருவன் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழக்கிறான். அவனுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். காதல் கதை என்றால் எனக்கு உயிர். ஆனால் நான் பதினோரு வருடத்துக்கு முன்புவரை வாலிபால் ஆடியவள், இப்போது செயற்கைக் காலோடு நடப்பவள். அதனால் இதைப் படித்தோம், மூடினோம் என்று விட மனம் வரவில்லை.

முதலில் பாராட்டு. ஏழாவது அத்தியாயத்தில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் நாயகன் அதிகாலை நாலரை மணி அலாரத்தை எடுக்காமலே வைத்திருக்கிறான். அது அடிக்கிறது. எழுந்து உட்காருகிறான். போக இடமில்லை. அந்த இடத்தில் இதழைக் கீழே வைத்துவிட்டேன். விளையாடியவர்களுக்குப் போவது கால் மட்டுமா? விடியற்காலை போகிறது, பயிற்சி முடிந்து வரும் அந்த அகோரப் பசி போகிறது, திட்டுவதற்கென்றே இருந்த கோச்சும் போகிறார். என் கோச் திட்டுவதை விட்டுவிட்டு என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்த அன்றுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

அப்புறம் கதை தடம் மாறிவிட்டது. அறுவை முடிந்து மூன்றே மாதத்தில் பிளேடு, அதாவது ஓடுவதற்கென்றே செய்த வளைந்த தகடு போன்ற செயற்கைக் கால், மாட்டிக்கொண்டு ஓடுகிறான். வீக்கம் வடிந்து, ஸ்டம்ப், அதாவது வெட்டியதுபோக மிஞ்சிய கால், ஒரு அளவுக்கு வந்து நிற்கவே மாதக்கணக்கில் ஆகும். அதுவரை, ஸ்டம்பை நுழைக்கும் கூடான சாக்கெட் காலையில் இறுக்கமாக இருந்து சாயங்காலம் தொளதொளவென்று ஆடும். ஸ்டம்பில் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுச் சமாளிக்க வேண்டும். திருமண வரவேற்பில் வேறு அதே பிளேடோடு இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறான்! ஓடுகிற பிளேடுக்குக் குதிகாலே கிடையாது. அதில் ஓடுவதைவிடச் சும்மா நிற்பதுதான் பெரும்பாடு. நடக்க ஒரு கால், ஓட ஒரு கால் என்று தனித்தனியாக வைத்திருப்போம்.

காதல் கதைக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்று கேட்கலாம். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் காதலே இன்னும் நன்றாக வந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம். முடிவில் நாயகன் பாராலிம்பிக் 400 மீட்டரில் தங்கம் வாங்குகிறான், இல்லையா? முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்து பிளேடோடு ஓடுபவர் டி64 பிரிவு. 2024 பாரிஸில் ஆண்கள் டி64-க்கு 100 மீட்டரும் 200 மீட்டரும்தான் இருந்தன. 400 மீட்டர், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லாதவர்களுக்கான டி62 பிரிவுக்கு. அதாவது அந்தப் பையனுக்குக் காலும் போய், அவனுடைய தூரமும் போகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு சுற்றுக்கு மூச்சைப் பங்கு போட்டுப் பழகியவன், இனிப் பாதிச் சுற்றுக்குப் பழக வேண்டும். இதை அவன் யாரிடம் போய்ச் சொல்லி அழுவான்? காதலி எதற்கு இருக்கிறாள்? ஒரு முழு அத்தியாயத்துக்கான சண்டையும் சமாதானமும் அங்கே கிடக்கிறது. எழுத்தாளர் அதைத் தாண்டிக் குதித்துப் பதக்க மேடைக்குப் போய்விட்டார்.

அந்த டி62 தங்கத்தை வாங்கியவர் அமெரிக்காவின் ஹன்டர் வுட்ஹால். சில வாரங்களுக்கு முன்புதான் அதே பாரிஸில் அவர் மனைவி டாரா டேவிஸ்-வுட்ஹால் ஒலிம்பிக் நீளம் தாண்டுதலில் தங்கம் வாங்கியிருந்தார். வீட்டில் இரண்டு பேருமே ஓடிக் களைத்தவர்கள்! தொடரின் நாயகியோ, பாவம், முதல் அத்தியாயம் தொடங்கித் துண்டும் மருந்துமாகவே நிற்கிறாள். அவளுக்கென்று ஒரு கோபம், ஒரு தோல்விகூட இல்லை. போதாக்குறைக்கு, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளியைக் காதலிக்கிறாள். அந்தத் தொழிலில் அது எவ்வளவு பெரிய தவறு என்று கதையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எனக்குப் பெரிய ஏமாற்றம் வேறு. இருபத்திரண்டு அத்தியாயத்தில் அவள் முன்னால் அவன் ஒருமுறைகூடக் காலைக் கழற்றவில்லை. முத்தம் மூன்று இடத்தில் வருகிறது. நம்புங்கள், முத்தம் சுலபம். பக்கத்துப் பொத்தானை அழுத்தி, காலை உருவி ஓரமாகச் சாய்த்துவைத்து, ஸ்டம்பின் மேல் மாட்டும் உறையான, வியர்வையில் ஊறிய லைனரை உரித்து, சிவந்து தழும்பேறிய ஸ்டம்பை இன்னொருவர் பார்க்க விடுவதுதான் கஷ்டம். நான் கல்யாணமாகி ஒன்பது நாள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன்.

பத்தாம் நாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றி விழுந்தேன். காலை இழந்தவர்கள் பலருக்கும் நடப்பதுதான். என் கணவர் விளக்கைப் போட்டார். பதறிக்கொண்டு வந்து தூக்குவார் என்று எதிர்பார்த்து, அந்தக் கோபத்தோடே கிடந்தேன். அவரோ பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எழுந்திருக்கிறியா, இல்ல கொஞ்ச நேரம் இங்கயே பேசிட்டிருக்கலாமா?" என்று கேட்டார். ஸ்டம்பைப் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை, உற்றும் பார்க்கவில்லை. இப்படி ஒரு காட்சிக்காகத்தான் வாராவாரம் காத்திருந்தேன்.

பதக்கம் வாங்கினால்தான் கதை முடியுமா என்பதையும் யோசிக்கலாம். ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜெர்மனியின் சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டினா வோகல் 2018-இல் பயிற்சியின்போது மோதி, தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். அடுத்த வருடமே நகரமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். குத்துச்சண்டை போட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்ட பிறகு நீச்சலுக்கு மாறி, 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். இரண்டில் எந்த வழியில் போனாலும் கதைதான். பழைய காலுக்குப் பழைய கோப்பையை ஈடுகட்டி முடித்தால் மட்டும் மனசு ஒட்ட மாட்டேன் என்கிறது.

எழுத்தாளரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? அந்த நாலரை மணி அலாரம் கடைசியில் என்ன ஆயிற்று? ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்படிக்கு,
வாரந்தோறும் படிக்கும் ஒரு வாசகி