மூன்றாம் தையலுக்கு மேல் தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் பத்து நாளாக ஒரு தாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். தண்டையார்பேட்டையில் எனக்கும் 480 சதுர அடியில் ஒரு வீடு இருப்பதால் என்னிடமும் வந்தார்கள். கொண்டுவந்தவர் அடுத்த வீட்டுத் தம்பி. “பெரியப்பா, இந்தக் காலத்தில் யார் நூலகத்துக்குப் போகிறார்கள்? எல்லாம் போனிலேயே இருக்கிறதே” என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. வாசலில் நின்று சொல்லி முடிகிற காரணமாக இல்லாததால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் பைண்டர். மண்ணடியிலும் பிராட்வேயிலும் அச்சகங்களுக்கு 38 ஆண்டுகள் வேலை செய்தேன். தங்கசாலைக் கடைகளுக்குக் கணக்குப் பேரேடு கட்டிக் கொடுத்த காலமும் உண்டு. கம்ப்யூட்டர் வந்து அந்தப் பிழைப்பு போயிற்று. வேலையை விட்ட பிறகு தினமும் காலையில் எங்கள் கிளை நூலகத்துக்குப் போகிறேன். பேப்பர் படித்து முடித்ததும் நூலகர் அம்மா கிழிந்த புத்தகங்களை எடுத்துவைப்பார். ஊசியும் நூலும் என்னுடையவை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சி வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோவேன். துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது.

அச்சான பெரிய தாளைப் பாரம் பாரமாக, அதாவது சின்னச் சின்னக் கட்டாக மடித்து, நடுவில் நூல் ஓட்டித் தைத்த புத்தகம் மேஜையில் விரித்தால் அப்படியே படுத்துக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் முதுகை அறுத்துப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். நாலு கை மாறினால் தாள் தாளாக உதிரும். அதை மறுபடி கட்ட, ஓரத்தில் துளை போட்டுக் குறுக்கே தைப்பதுதான் வழி. ஒவ்வொரு தையலுக்கும் உள் ஓரம் கொஞ்சம் போய்விடும். முதல் தையலில் புத்தகம் விறைத்துக்கொள்ளும். இரண்டாம் தையலில் பாதிதான் விரியும். மூன்றாவதில் எழுத்தே நூலுக்குள் போய்விடும். எப்பேர்ப்பட்ட பைண்டராலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் நூலகத்தில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. அவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைக்கிறது. எடுப்பவர்கள் குரூப் 4, போலீஸ் தேர்வு எழுதுபவர்கள். அதை மூன்று முறை கட்டிவிட்டேன். ஒரு புத்தகத்தை எவ்வளவு பேர் படித்தார்கள் என்று பார்க்க எனக்குத் தேதிச் சீட்டு வேண்டாம், வெளி ஓரத்தைப் பார்த்தாலே போதும். இந்தப் புத்தகத்தில் சுதந்திரப் போராட்டப் பாடங்கள் இருக்கிற இடம் மட்டும் கட்டை விரல் பட்டுப் பட்டுக் கன்னங்கரேலென்று ஒரு பட்டையாகத் தெரியும்.

அந்தக் கறுப்பில் பங்கு போட்டவர்களில் ஒரு பையன், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். விடியற்காலை வேலை முடிந்து பதினொரு மணிவாக்கில் வருவான். பன்னிரண்டு நாற்காலிகளும் அதற்குள் நிறைந்திருக்கும். கதவோரம் தரையில் உட்கார்ந்துகொள்வான். இடம் இருந்தாலும் அங்கேதான் உட்காருவான். மேலே மீன் வாடை அடிக்கும் என்று கூச்சம். பக்கத்தை விரலால் தொடாமல் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளித் தள்ளிப் புரட்டுவான். போன வாரம் என்னிடம் வந்து, “தாத்தா, இந்த வரியில் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டான். புத்தகத்தைப் பிளந்து பார்த்தேன். வரியின் கடைசி வார்த்தைகள் என் தையலுக்குள் இருந்தன. அன்றைக்கு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எழும்பூரில் கன்னிமரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் வந்தது. விம்கோ நகர் வரை மெட்ரோவும் வந்துவிட்டதே, அங்கே போகக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், நானே போயிருக்கிறேன். பதினொன்றுக்கு வந்து மூன்று மணிக்கு மறுபடி வேலைக்கு ஓட வேண்டிய பையனுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு நாற்காலி வேண்டும்.

இந்த நூலக வரி நேற்றுப் போட்டதில்லை. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டதன் பலனாக, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 தம்பிடி, அதாவது அரையணா. பிறகு 5 பைசாவாகி, இப்போது 10 பைசா. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் நூலகச் சட்டம் இருக்கிறது, வரி இல்லை. அரசு பார்த்துக் கொடுத்தால் உண்டு. நமக்கென்று தனியாக ஒரு காசு எடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத்தான் என் தெருக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2022-ல் சொத்து வரி ஏறியது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 50 சதவீதம். வாடகைக்கு இருப்பவர்கள் தலையிலும் அதுதான் விடிந்தது. ஆனால் அந்த ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். எனக்கு அரையாண்டுக்கு ஐம்பது ரூபாயைத் தொடவில்லை. முழு ஆண்டுக்கும் சேர்த்தால், காலிகோத் துணியில் முதுகு வைத்து ஒரே ஒரு புத்தகம் கட்ட நான் கடைசியாக வாங்கிய கூலி. “கொடுக்கிற பணம் எங்கே போகிறது, நாற்காலிகூட வரவில்லையே?” என்பது நல்ல கேள்வி. நானும் கேட்கிறேன். மாநகராட்சி வசூலிக்கும் நூலக வரி நூலகங்களுக்குச் சேர வேண்டிய பணம். எவ்வளவு வசூலானது, எவ்வளவு கைக்கு வந்தது, எங்கள் கிளைக்கு எத்தனை புத்தகம் வாங்கினார்கள் என்று நூலக வாசலில் ஒரு போர்டில் எழுதிப் போடட்டும். கணக்கு சரியில்லை என்பதற்காகக் கடையையே இழுத்து மூடச் சொல்வது என்ன நியாயம்?

2023 டிசம்பர் புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்து கீழ் அடுக்கு முழுவதும் நனைந்தது. சாதாரணத் தாளில் அச்சானவற்றை மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பலகைக்கு நடுவே பாரம் வைத்து ஓரளவு மீட்டோம். வழவழப்புத் தாளில் படம் போட்ட குழந்தைகள் புத்தகங்கள் செங்கல்லாக ஒட்டிக்கொண்டன. அவற்றின் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஊர் நூலகத்துக்கு வரியைக் கூட்டலாமா என்று அமெரிக்காவில் மக்களிடமே ஓட்டுக் கேட்பார்களாம். நமக்கு அந்த வசதி இல்லை, வார்டில் வாக்காளர்கள் கூடிப் பேசும் ஏரியா சபைதான் இருக்கிறது. வரி விகிதம் சட்டத்தில் இருப்பது; நாம் கை தூக்கினால் மறுநாளே மாறிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வரியை எடு என்று ஒரு தாள் மேலே போகும்போது, கூட்டு என்று ஒரு தீர்மானமும் போகட்டும். எங்கள் வார்டின் அடுத்த கூட்டத்தில் 10 பைசாவை 15 ஆக்கக் கேட்டு, அந்தப் போர்டையும் சேர்த்து எழுதிக் கொடுக்கப்போகிறேன். வாக்காளர்கள், முக்கியமாக நூலகத்துக்கு வந்தே பழக்கமில்லாதவர்கள், அன்றைக்கு ஒரு மணி நேரம் வர வேண்டும்.

நூலகர் அம்மாவிடம் அனுமதி வாங்கி அந்தச் சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். கையெழுத்து வாங்கிய தம்பியிடம் முதலில் கொடுப்பேன். பையன் கேட்ட அந்த வரியை முழுதாகப் படித்துக் காட்டிவிட்டால், தாளில் நானும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய பைண்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.